பெயர் என்ற கட்டத்தில்

ஹீலோ விமான நிலையத்தில்
தொலைந்த சாமான் மேசை என்னுடையது.
மழை விட்ட நாள் இங்கே குறைவு,
குடையை விட்டுப் போகிறவர்கள் அதிகம்.
குடைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

அன்று ஒரு படிவம் வந்தது.
பெயர்: மிஸஸ் ஒகுமுரா.
பொருள்: யூகலேலே.
அடையாளம்: கொஞ்சம் கோபக்காரி.

எழுதியவன் மீசைக்காரன்.
மாமியாருக்காக எழுதுகிறான் என்று நினைத்தேன்.
தேதி போடாமல்
வண்டி நிறுத்துமிடத்தில் தேட ஓடிவிட்டான்.

காபிக் கடை நாற்காலிக்கு அடியிலிருந்து
நொஹியா அதை எடுத்து வந்தாள்.
கோவா மரம். இடுப்பில் ஒரு கீறல்.
ஒலிபெருக்கியைத் திறந்தேன்:
மிஸஸ் ஒகுமுரா, மிஸஸ் ஒகுமுரா,
நீங்கள் தொலைத்தது கிடைத்துவிட்டது.

வந்தார்.
சின்ன உருவம், மழைச் சட்டை,
ஒரு கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.
எதைத் தொலைத்தீர்கள் என்றேன்.
"தெரியவில்லை," என்றார்.
"கிடைத்துவிட்டது என்றீர்களே,
அதனால் வந்தேன்."

இந்த மேசைக்குப் பின்னால் பதினோரு வருடம்.
இப்படி ஒரு பதிலுக்கு
என்னிடம் படிவம் இல்லை.

(போன வருடம் ஒரு செல்லோ
ஜன்னல் இருக்கையில் பறந்தது.
டிக்கெட்டில் அதன் பெயர் அகஸ்தா.
பெல்ட் போட்டுவிட்டோம்.
புதுப் பையன் ஒருவன்
பழரசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டான்.
உடையவர் சிரிக்கவில்லை.
"அவள் தூங்குகிறாள்," என்றார்.
அதற்குக்கூட ஏதோ விதி இருந்தது.)

மீசைக்காரன் நனைந்து திரும்பினான்.
வெண்டெல் பஷேகு, ஐஸ் தொழிற்சாலை வேலை.
ஒகுமுராவை ஒகுமுராவுக்கு
அவன் அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது.

"கீழ் வீட்டுக்காரம்மா.
முகம் பார்த்ததில்லை,
தபால் பெட்டியில் பெயர் மட்டும்.
நான் எடுத்து மீட்டினால்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.
ஆறு மாதம் இடித்தாள்.
ஒரு நாள் இடி தாளத்தில் விழுந்தது.
வேண்டுமென்றா, கை தவறியா,
நான் கேட்கவில்லை.
அதற்குப் பிறகு இருவரும் வாசித்தோம் என்றுதான் வையுங்கள்.
அப்புறம் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.
தரை சும்மா இருந்தால்
எனக்குக் கை ஓடவில்லை.
பெயர் வைத்தேன்.
நாலாவது தந்தி, எப்படி முறுக்கினாலும்,
ஒரு சுருதி ஏறியே பேசும்."

"எந்தத் தெரு?"
சொன்னான்.
"நான் அங்கே இருந்ததே இல்லை," என்றார்.
"ஊரில் எத்தனையோ ஒகுமுரா.
நானாக இருந்தால்
ஆறு மாதம் பொறுத்திருக்க மாட்டேன்."

சரி, கொடுத்து அனுப்பலாம் என்றால்
சட்டம் குறுக்கே நின்றது:
படிவத்தில் உள்ள பெயரும்
அடையாள அட்டைப் பெயரும்
ஒன்றாக இருந்தால்தான் பொருள் போகும்.
வெண்டெலிடம் பஷேகு என்ற அட்டை.
யூகலேலேயிடம் அட்டை இல்லை.

மிஸஸ் ஒகுமுரா பையைத் துழாவினார்.
ஒற்றைக் கண்ணை அட்டைக்கு அருகே கொண்டுபோய்த்
தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டார்.
தன்னைப் பெற்றுக்கொண்டார்.
கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்,
கீறலை விரலால் தடவி,
இது நான் இல்லை என்று சொல்வதைப் போல,
இல்லை, சொல்லாததைப் போல.

பிறகு அவனிடம் நீட்டினார். "வாசி."

மோசமாகத்தான் வாசித்தான்.
நாலாவது தந்தி ஏறிப் பேசியது.
நொஹியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
மிஸஸ் ஒகுமுரா முட்டியை மடக்கி
என் மேசையில் தட்டினார்,
ஒன்று, இரண்டு, மூன்று,

ஹோனலூலு விமானத்துக்குக் கடைசி அழைப்பு.

நாலாவது தட்டு
அவர் கையோடு படியேறிப் போனது.
வெண்டெல் இன்னும்
மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.